மாமா கொடுத்த கள்ளி

கள்ளி காலையில் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. முத்திருளன் தொட்டி முன்னால் குத்தவைத்து ஒரு மடலைத் தொட்டுப் பார்த்தான். விரல் பொதக்கென்று உள்ளே போனது.

"ஐயோ, செத்தேன்!"

உண்மையில் செத்துக்கொண்டிருந்தது செடிதான். ஆனால் செடி போனால் அன்னக்கொடியும் போய்விடுவாளே! அவளுடைய அப்பா சிவனாண்டி, முத்திருளனுக்குச் சொந்தத் தாய்மாமன், பட்டாளத்துக்காரர். பாகிஸ்தான் சண்டையப்போ ராஜஸ்தான் பாலைவனத்தில் இருந்தவர், திரும்பும்போது டிரங்குப் பெட்டியில் இந்தக் கள்ளியையும் கொண்டுவந்தார். நம்மூர்ச் சப்பாத்திக்கள்ளி மாதிரி நிமிர்ந்து வளராது. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதை மருமகன் கையில் கொடுத்துவிட்டுத்தான் குடும்பத்தோடு காசிக்கு ரயிலேறினார்.

"மாப்ள, இது உன் பொறுப்பு. வந்து பாத்துட்டுக் கல்யாணப் பேச்சைப் பேசுவோம்."

வேறு எவனாவது என்றால் வெயிலில் வைத்துவிட்டு மறந்திருப்பான். செடியும் பிழைத்திருக்கும். முத்திருளனோ அலங்காநல்லூர்க்காரன், வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போட்டே பழகியவன். மழையையே பார்க்காத செடி, பாவம் என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினான்.

சைக்கிள் கடை பீர் முகமது, அவனுடைய கூட்டாளி, வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"கள்ளிக்கு இம்புட்டுத் தண்ணியா? அதுக்கு மணலும் கல்லும் வெயிலும் போதும்டா!"

"வாடுதேன்னு எருவும் போட்டேன் பீரு."

"எம்புட்டு?"

"ஒரு கூடை."

"வெளங்கிரும்! மொதல்ல காயவை."

தொட்டியைத் தகரக் கூரைமேல் ஏற்றினார்கள். சித்திரை வெயில், கீழே கொதிக்கும் தகரம், உள்ளே ஈரச் சாணி. சாயங்காலம் இறக்கியபோது கள்ளி குழம்பில் வெந்த கத்தரிக்காய் மாதிரி கிடந்தது. முத்திருளனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தந்தி வந்தது. மாமா வெள்ளிக்கிழமை வருகிறார்.

"பரவை ரோட்டு வேலியில கள்ளியா இல்ல? வாடா!" என்று பீர் முகமது சைக்கிளை எடுத்தான்.

துளிர் விட்ட மடல்களாகப் பார்த்து வெட்டி வந்து நட்டார்கள். நட்டதும் அது விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

"இது நிக்குதேடா!"

"அமுக்கிப் படுக்க வை!"

படுக்க வைத்துச் செங்கல்லைத் தூக்கி வைத்தால், ஒரு பக்கம் படுத்து மறு பக்கம் எழுந்தது. கடைசியில் பாதி மடலை மணலில் புதைத்துத்தான் அடக்க முடிந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் முத்திருளனின் உள்ளங்கை முழுக்க ஏறிவிட்டது. ராத்திரி அவனால் சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. ஆத்தாதான் ஊட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமாவும் அத்தை சின்னத்தாயும் நேராக அவன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முத்திருளன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மாமா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். துளிரைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனது.

'கண்டுபிடிச்சிட்டாரு!' முத்திருளன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"மாப்ள, இது நான் குடுத்த செடிதானா?"

"அதேதான் மாமா."

"வாடலையா? ஒரு மடல்கூட?"

"நான் இருக்கையில வாட விடுவேனா?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பட்டுப்போயி, வேற எதையும் மாத்தி வச்சியா? வச்சிருந்தாச் சொல்லிரு, கோவிக்க மாட்டேன்."

போலீஸ்காரன் இப்படித்தான் ஆசை காட்டுவான் என்று முத்திருளனுக்குத் தெரியாதா? அன்னக்கொடியை ஒருதரம் நினைத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு, முள் ஏறிய கையால் மறு கையில் ஓங்கி அடித்தான்.

"கருப்பசாமி மேல சத்தியமா, நீங்க குடுத்த அதே செடி மாமா!"

மாமா பெருமூச்சு விட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"சத்தியம் வேற பண்ணிட்டியேடா பாவி! எம் மக தோஷத்தை எல்லாம் அந்தக் கள்ளியில எறக்கி வச்சிருக்கு, அது தானாப் பட்டுப்போற கையிலதான் பொண்ணைக் குடுக்கணும்னு ஜோசியர் சொல்லித்தானே உங்கிட்ட குடுத்துட்டுப் போனோம்!"