சைலன்சருக்கு முட்டுக் கொடுத்தவர்

புதுக்கோட்டை மாவட்டத்து மக்களை மெக்கானிக் 'கிளாம்பு' இரண்டே ரகமாகப் பிரித்து வைத்திருந்தார்: டிராக்டர் சைலன்சருக்கு முட்டுக் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள். இரண்டாவது ரகத்துக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும். மீமிசல் போகிற சாலையில் பட்டறை. எந்த டிராக்டராவது புகைக்குழாயை ஆட்டிக்கொண்டு போனால் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து மறிப்பார். ஒருமுறை டிராக்டரில் வந்த கல்யாண ஊர்வலத்தையே மறித்துவிட்டார். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி நிற்க, இவர் குழாயை ஆட்டிப் பார்த்து, "ரெண்டு நட்டு லூசா இருக்கு. தாலியக் கட்டிட்டு நேரா இங்கிட்டு வாங்க" என்றாராம்.

நான் அவரிடம் மாட்டியது தங்கை மகளின் காதுகுத்தில். தாய்மாமன் நான். சீர் கொண்டுபோக மினிலாரி பேசலாம் என்று போனில் சொன்னதுமே தங்கைக்குக் குரல் மாறிவிட்டது.

"அப்பா ஓட்டுன டிராக்டர்லதான் சீர் வரணும்ண்ணே. வேற வண்டின்னா ஆரத்தி எடுக்க நான் வாசலுக்கே வரமாட்டேன்."

அப்பா போய் மூன்று வருடம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வண்டி எனக்கு மூத்தது. சைலன்சர் பானட்டுக்கு மேலே செங்குத்தாக நிற்கும். போன பொங்கலுக்கு அதில் வாழைமரம் கட்டி ஊரைச் சுற்றியதில், குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து வார்ப்பிரும்பு விரிசல் விட்டது. நான் கெட்டிக்காரத்தனமாகக் குழாயைப் பானட்டோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கி வைத்திருந்தேன். காதுகுத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அது கம்பியோடு சாய்ந்து படுத்துவிட்டது.

கிளாம்பு வந்து, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"யாரு தம்பி இந்தக் கம்பியக் கட்டுனது?"

"நான்தாண்ணே."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அதான்" என்றார். "எஞ்சினு ஒரு ஆட்டம் ஆடும், பானட்டுத் தகரம் வேற ஆட்டம் ஆடும். ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா கொழாய் என்னதான் செய்யும்? முட்டு எஞ்சின்லேருந்துல்ல கொடுக்கணும்."

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். விரிசல் விட்ட பாகத்துக்கு மாற்று தேடிக் கட்டுமாவடி வரை போய்வந்தார். எஞ்சின் போல்ட்டிலிருந்து ஒரு பட்டை எடுத்துக் குழாயைப் பிடித்தார். பட்டையில் ஓட்டையை வட்டமாகப் போடாமல் நீளமாகப் போட்டார். சூட்டில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட வேண்டுமாம். பிறகு எதிர்த்த டீக்கடை ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார், காது கொடுப்பார், "மொனகுது" என்று மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். இப்படியே மூன்று நாள் போனது.

"அண்ணே, விடிஞ்சா காதுகுத்து."

"அது எஞ்சினுக்குத் தெரியுமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் வண்டியைக் கொடுக்கும்போது, சைலன்சரில் வாழைமரம், மைக்செட், மாலை எதையும் கட்டமாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா ஒரு தோளில் வாழைமரமும் மறு கையில் மைக்செட் குழாயுமாக நிற்கிறார்.

"சைலன்சர்ல கட்டாம வேற எங்கிட்டுடா கட்டுறது?" என்றார்.

சைலன்சர் மறைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வண்டியின் முன் பம்பரில் சைலன்சர் உயரத்துக்குப் புதிதாக ஒரு இரும்புக் கம்பம், கயிறு கோக்க இரண்டு வளையத்தோடு. பின்னாலேயே மொபட்டில் வந்து நின்றார் கிளாம்பு.

"சொன்னா கேக்கவா போறீங்க? அதுல கட்டுங்க."

தங்கை வீடு வரைக்கும் மொபட்டிலேயே கூட வந்தார். குழாயைப் பார்த்தாரே தவிர ரோட்டைப் பார்க்கவில்லை. வாசலில் வண்டி நின்றதும் எங்களுக்கு முன்னால் பாய்ந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை ஆரத்தித் தட்டோடு வந்தவள் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்கி நின்றுவிட்டாள். பிறகு சுற்றினாள். முன்னால் நின்றவர் கிளாம்பு என்பதால் முதல் பொட்டு வைக்க அவர் நெற்றிக்குத்தான் கை போனது. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"யாருண்ணே இவுக?"

"மாமன்தான், வையி" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அப்பாவின் வண்டி அப்பா காலத்துச் சத்தத்தோடு அந்த வாசலுக்கு வந்ததே, அது அவர் கொண்டுவந்த சீர்.