நாலு பெடலும் ஒரு மாப்பிள்ளையும்

“மாப்ள, உன் பாஸ் சரியில்ல.”

மச்சான் அதை மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஒத்திகை நடக்கும் டயர் கிடங்கின் தகரக் கூரை இன்னொரு தரம் சொல்லிக் காட்டியது. டிரம்ஸ்காரர் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார். கீபோர்டு வாசிக்கும் கணக்கு டீச்சர் கூரையைப் பார்த்தார். மிக்ஸர் மேஜைக்குப் பின்னால் சவுண்டுக்காரர் ஹெட்போனோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

பாஸ் கிட்டாரோடு நின்றிருந்த லென்ஸுக்குக் காது சிவந்தது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் என்பதால் இசைக்குழுவில் அவருக்கு அந்தப் பெயர். குழுவை நடத்துவதும் அதில் பாடுவதும் அவர் மனைவியின் அண்ணன். ஆகவே வீட்டுக்கு ஓடினாலும் தப்பிக்க முடியாது.

“என்ன சரியில்ல மச்சான்?”

“பாடும்போது தொந்தரவா இருக்கு. ஞாயித்துக்கிழமை கச்சேரி. அதுக்குள்ள சரியாகலேன்னா டீச்சரோட இடது கையே கீபோர்டுல பாஸைப் பாத்துக்கும். உனக்கு எதுக்குச் சிரமம்?”

உனக்கு எதுக்குச் சிரமம் என்று ஒருவர் கேட்டால், கிளம்பு என்று அர்த்தம். பகல் முழுக்க இருட்டறையில் நின்று “மூணாவது வரியைப் படிங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, வாரத்தில் மூன்று சாயங்காலம் நாலு கம்பியை அதிர வைப்பது ஒன்றுதான் சந்தோஷம். அதையும் பிடுங்கிவிட்டால் அப்புறம் மூணாவது வரி மட்டும்தான் மிஞ்சும்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஃபில்டர் பெடல். காலால் மிதித்தால் வேலை செய்யும். கிட்டார் சத்தத்தில் கும்மென்று குழம்பிக் கிடக்கும் பகுதியை வடிகட்டி எடுத்துவிடும்.

“தட்டு வைக்கிற இடத்துல காலால மிதிக்கிற சாமானா?” என்றாள் மனைவி.

“ஒரு நிமிஷம் கேளு. ஒண்ணாவது சத்தம் தெளிவா இருக்கா, ரெண்டாவதா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அவசரப்படாத. இது ஒண்ணு… இது ரெண்டு.”

“நான் என்ன உங்க கடைக்குக் கண்ணாடி போட வந்தவளா? எங்க அண்ணன் ஒண்ணு சொன்னா அதுல காரணம் இருக்கும். அவர் காது அப்படி.”

அவர் காது அப்படித்தான் என்று நம்பித்தான் லென்ஸ் மூன்று மணி நேரம் திருகைத் திருகினார்.

புதன்கிழமை ஒத்திகையில் பாஸ் கழுவிவிட்ட கண்ணாடி போலக் கேட்டது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக எண்ணலாம். டிரம்ஸ்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். மச்சான் மட்டும் இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

“இப்ப இன்னும் மோசம் மாப்ள. திங்கக்கிழமையே தேவலாம்.”

லென்ஸ் அன்றே இரண்டாவது பெடலை இரவல் வாங்கினார். கம்ப்ரஸர். மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் சத்தத்தை ஒரே மட்டத்தில் நிறுத்தும். வெள்ளிக்கிழமை அவருடைய பாஸ் கல்தூண் மாதிரி அசையாமல் நின்றது. மச்சான் ஒரே பாட்டில் மூன்று இடத்தில் இருமினார்.

“என்னய்யா இது? என் காதுக்குள்ளயே வந்து நாற்காலி போட்டு உக்காருது!”

“எனக்கு நல்லாத்தானே கேக்குது சார்?” என்றார் டீச்சர்.

“நீங்க இடது கையைப் பழக்குங்க டீச்சர்.”

டீச்சர் பழக்கினார். டும், டும் என்று அந்த இடது கை போட்ட ஒவ்வொரு அடியும் லென்ஸின் வயிற்றில் விழுந்தது.

சனிக்கிழமை கடையில் அவர் மனசு கிட்டார் திருகுகளிலேயே கிடந்தது. கண் பரிசோதிக்க வந்த பெரியவர், “எல்லாம் மங்கலா தெரியுதுப்பா” என்றார்.

“டிரெபிளைக் கொஞ்சம் ஏத்துறேன்” என்றார் லென்ஸ்.

பெரியவர் தாடையைக் கருவியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேஜையில் நாலு பெடல்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது ஆக்டேவ்; மீட்டும் சுரத்துக்குக் கீழே இன்னொரு தடித்த சுரத்தைச் சேர்த்துவிடும். நாலாவது இன்னொரு வகை ஃபில்டர். கம்பியை எவ்வளவு ஓங்கி இழுக்கிறோமோ அவ்வளவு வாயைத் திறந்து “வாவ்” என்று மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர்.

“தப்பா நினைக்காதீங்க. மாடியில வாத்து வளக்குறீங்களா?”

“வளக்கல. மிதிக்கிறார்” என்று மனைவி கதவைச் சாத்தினாள்.

லென்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். நாளைக்கு முதல் இரண்டு பெடல் மட்டும். உலகத்திலேயே தெளிவான பாஸ். அதற்கும் மச்சான் முகம் சுளித்தால் கிட்டாரைப் பரணில் போட்டுவிடுவது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? நாலையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

கச்சேரி, ஒரு மரச்சாமான் கடையின் திறப்பு விழாவில். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ போட வேண்டும் என்பது மச்சானின் கட்டளை. லென்ஸுக்கு வந்து சேர்ந்த ஜோடி இரண்டு அளவு பெரிது. அவர் காலடியில் நாலு பெடலும் ஒயரில் கோத்து நெருக்கமாகக் கிடந்தன.

முதல் பாட்டு தொடங்கியது. லென்ஸ் ஃபில்டரை மிதித்தார். ஷூவின் ஓரம் ஆக்டேவையும் சேர்த்து மிதித்தது. பதறிப்போய் அதை அணைக்கக் காலை வீசினார், வாத்து விழித்துக்கொண்டது. வாத்தை அணைக்கப் போனார். கம்ப்ரஸர் வந்து எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சேற்றில் விழுந்த எருமை வாத்து பாஷையில் உதவி கேட்பதுபோல ஒரு சத்தம் ஸ்பீக்கரை நிறைத்தது. குனிந்து கையால் அணைக்கலாம் என்றால் வாசிப்பு நின்றுவிடும். தான் எந்தச் சுரத்தில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டுக்கு நாலாவது பாட்டின் பாஸை வாசித்துக்கொண்டிருப்பது பாதியில்தான் உறைத்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். கண்ணில் நீர் முட்டியது. பக்கவாட்டில் பார்க்கவே பயம்.

பயந்துகொண்டே பார்த்தார். மச்சான் கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, கரை புரண்டு பாடிக்கொண்டிருந்தார். இதுவரை எட்டிப் பார்க்காத உச்சிக்கெல்லாம் ஏறினார். வெந்நீர் பிளாஸ்க் திறக்கப்படவே இல்லை. ஜனங்கள் எழுந்து ஆடினார்கள். உறை போட்ட சோபா மேலேயே ஏறி ஆடிய ஒருவரைக் கடைக்காரர் கெஞ்சி இறக்கினார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் மச்சான் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“இதுதான் மாப்ள! இதைத்தான் ஒரு வாரமா கேட்டேன்! ஒரு திருகைக்கூடத் தொடாத. எல்லாத்தையும் டேப் போட்டு ஒட்டிடு. இனிமே எந்தக் கச்சேரியா இருந்தாலும் நீதான் பாஸ்.”

டீச்சர் தன் இடது கையை நிம்மதியாக மடியில் வைத்துக்கொண்டார்.

“சொன்னேன்ல, எங்க அண்ணன் காது அப்படி!” என்றாள், கச்சேரி கேட்க வந்திருந்த மனைவி. பெருமையில் அவள் முகம் பூரித்திருந்தது.

குழுவில் இடம் பிழைத்தது. லென்ஸுக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. எது ஒன்று, எது ரெண்டு என்று தெரியாமலே தேறிவிட்டது அவரை அரித்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சவுண்டுக்காரரிடம் போய் நின்றார்.

“நீங்க ஒருத்தராவது உண்மையைச் சொல்லுங்க. தெளிவா வாசிச்சப்ப எல்லாம் திட்டினாரு. இன்னிக்கு இவ்வளவு கேவலமான சத்தம், இது எப்படி அவருக்குப் பிடிச்சுது?”

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மச்சான் தூரத்தில்தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டார். அப்புறம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“உங்களுக்கு முன்னாடி சுத்தமா வாசிச்ச மூணு பேரை அனுப்பிட்டாரு சார். பாஸ் தெளிவா கேட்டா, அவர் சுருதி விட்டுப் பாடுறது ஊருக்கே தெரிஞ்சிடுதுல்ல?”