வெள்ளை மாடியும் மோனிகாவின் பிரசவமும்

செஞ்சி,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

மாண்புமிகு மருமகள் மோனிகாவுக்கு, உன் தாய்மாமன் வீரமணி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, உன் நைனா மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பவரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், ஆகையால் கடிதம்.

"அந்த வீடு அடுப்பு மாதிரி இருக்குது, ஏசி இல்லன்னா பிரசவத்துக்கு வரமாட்டேன், மாமியார் வீட்லயே பெத்துக்கறேன்" என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். உன் தாத்தா காலத்து ஒயரிங்கில் ஏசி மாட்டினால் தெருவே இருண்டுவிடும், அதற்காக நான் சும்மா இருப்பேனா, வெயில் வெள்ளையைக் கண்டால் திரும்பி ஓடும், இது விஞ்ஞானம், எட்டாவது வரைக்கும் நான் அதில் புலி. மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் குழைத்துப் பூசினேன். மறுநாள் மத்தியானம் உன் நைனா போர்வை கேட்டார். பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, சித்திரையில்! ஃபேன் சும்மா அழகுக்குத் தொங்குகிறது. கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

ஒரு சின்ன சமாச்சாரம். கோட்டைப் பாறை கொதிக்கிறதல்லவா, நம் மாடியின் குளிர்ச்சி குரங்குகளுக்கும் தெரிந்துவிட்டது. நானூறு குரங்குகள் வந்து படுத்துக்கொண்டன.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க? வீட்டு மேல சத்திரம் கட்டிட்டியா?" என்று கத்தினாள் உன் அம்மா.

"கொரங்கே ஒத்துக்கிச்சுக்கா, நீ ஒத்துக்க மாட்டேங்கறியே" என்றேன்.

பிறகு மாடியேறி ஒரு முறை முறைத்தேன். ராஜகிரிக் கோட்டை உச்சி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடின.

ஆகவே தைரியமாக வா. படிக்கட்டை ஒட்டிய மாடி அறை உனக்குத் தயார். மலையனூர் அங்காளம்மன் உனக்குச் சுகப்பிரசவமும் மாப்பிள்ளைக்குப் பொறுமையும் கொடுக்கட்டும்.

உன் வீட்டைக் குளிர வைத்த மாமன்,
வீரமணி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மாடிக்குப் போய் வந்தேன். குரங்குகள் எல்லாம் ஓடியது நிஜம்தான், ஒன்றைத் தவிர. அதற்கு ஓடுகிற நிலைமை இல்லை. உன் அறைக்குள் புகுந்து குட்டி போட்டிருக்கிறது. உன் அம்மா எங்களைக் கிட்டே விடுவதில்லை. "பச்ச ஒடம்புக்காரி தூங்கறா, யாரும் சத்தம் போடாதீங்க" என்கிறாள். தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாகிவிட்டது. நீ இப்போதைக்கு மாமியார் வீட்டிலேயே இரு. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து அந்த மாடிக்கும் வெள்ளை அடித்துத் தருகிறேன்.