மருதக் கட்டையில் மூன்று எழுத்து

அருள் பிரகாஷ் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, காலையில் நூல் சுற்றிக் கட்டிய பாசி மறுபடியும் கழன்று தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. இது மூன்றாவது முறை.

இரண்டடி மீன் தொட்டி. நடுவில் முழங்கை மடக்கியது போல ஒரு கட்டை. அதன்மேல் பாசி படர்ந்தால் தண்ணீருக்குள் ஒரு காடு நிற்பது போல இருக்கும் என்று படித்திருந்தார். ஜெயங்கொண்டத்தில் தாவரவியல் ஆசிரியர். பாசி வளர்க்கத் தெரியவில்லை என்று வெளியே சொல்ல முடியாது. பெரம்பலூரில் வண்ண மீன் கடை வைத்திருந்த உத்திராபதியிடம் மட்டும் போனில் சொன்னார்.

"கட்டை எங்க புடிச்சீங்க சார்?"

"எங்க ஊரு ஏரிக்கரைல விழுந்து கெடந்த மருத மரம். அஞ்சு மணி நேரம் வேக வச்சேன்."

"வழுவழுப்புல நிக்காது சார். பள்ளம் எங்கயோ அங்கதான் புடிக்கும். லைட்டை இன்னும் ரெண்டு மணி நேரம் கூட எரிய விடுங்க."

எரிய விட்டார். பத்தாம் நாள் பள்ளத்தில் பிடித்தது.

முதலில் பார்த்தவள் அவர் மனைவி ஏஞ்சல் மேரி. "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க. உங்க பேரு எழுதியிருக்கு."

கட்டையின் நடுவில் பாசி மூன்று எழுத்தாக நின்றது. அருள். மற்ற இடமெல்லாம் வெறும் மரம். காற்றுக்குழாயின் குமிழிகள் மேலே போகும்போதெல்லாம் எழுத்துகள் மூச்சு விடுவது போல அசைந்தன. எட்டு மீன்களும் எதிர் மூலையில் ஒதுங்கியிருந்தன.

"நீங்க செஞ்ச வேலையா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

வீட்டோடு இருந்த மாமியார் செபஸ்தியம்மாள் பின்னால் வந்து நின்றார். அதிகம் பேசாதவர். "எந்த மரம் மாப்ள இது?"

"நீங்களும் நானும் பொறந்த ஊருதான், அத்தை. ஏரிக்கரை மருத மரம்."

"ம்." மாதா படத்துக்குப் பூக்கட்டப் போய்விட்டார்.

யார் எழுதியது என்று அருள் பிரகாஷுக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு அரைப்பரீட்சை விடுமுறையில், ஏரிக்கரை மருத மரங்களில் ஒன்றில் காம்பஸ் முள்ளால் தன் பெயரைக் கீறியிருந்தார். அதற்குக் கீழே நர்மதாவின் பெயரை. அந்த நர்மதா போன ஜூனில் அவர் பள்ளிக்கே கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தாள். ஏஞ்சல் மேரி கேட்டபோது, அவளோடு எந்தக் காலத்திலும் எதுவும் இல்லை என்று ஏலாக்குறிச்சி மாதா மேல் சத்தியம் செய்திருந்தார். இப்போது அந்த மரம் விழுந்து, தண்ணீரில் ஊறி, அவர் கையாலேயே வீட்டுக்குள் வந்து, எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. காம்பஸ் முள் இத்தனை ஆழம் இறங்கியிருந்ததா என்பதுதான் அவருக்கே ஆச்சரியம்.

பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். பாசி போகவில்லை. சுற்றியிருந்த கறுப்பு அழுக்கு போய் எழுத்து இன்னும் துலங்கியது. அதற்குக் கீழே ஓர் இதயமும் தெரிந்தது.

"இறால் விடுங்க சார், மேஞ்சுடும்," என்றார் உத்திராபதி.

குட்டி இறால்கள் பத்து வந்தன. வெற்று மரத்தை மெருகு போட்டது போல மேய்ந்தன. எழுத்தைத் தொடவில்லை.

"ஏன் உத்திராபதி?"

"அது நல்ல பாசி சார். இறால் அதத் தின்னா நான் எப்படி விக்கிறது?"

கடைசியில் கறுப்பு நூலால் இதயத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் பாசியைக் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனார். மாலையில் வந்து பார்த்தால், அவர் கட்டியதன் மேல் இன்னொரு தடித்த அடுக்கு. வெள்ளை நூல். நெருக்க நெருக்கமாக, இறுக்கமான முடிச்சுகள். அவருக்கு அப்படி முடிச்சுப் போடவே தெரியாது.

"நான் தொடலங்க," என்றாள் ஏஞ்சல் மேரி. "அது கிட்டயே நான் போகல. மேல பாருங்க."

தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த மாமனார் சவரிமுத்துவின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நேராக்கி மாட்டினார்கள். மறுநாள் மாலை படம் மறுபடியும் சுவரைப் பார்த்தது.

"அப்பாவுக்கு எதையோ பாக்கப் புடிக்கல," என்றாள் அவள் மெதுவாக.

"கட்டையத் தூக்கி ஏரியிலயே போட்டுடறேன்."

"இப்ப முடியாது. நம்ம தெரு அன்பியக் கூட்டத்துல சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாரும் நம்ம வூட்டுலதான் செபமாலை. தானா பேரு எழுதுதுன்னா சும்மாவா?"

"எத்தன பேரு?"

"இருவத்திரெண்டு."

ஞாயிறு காலை தடித்த அடுக்கு அழுகி, மொத்தமாகக் கழன்று மணலில் கிடந்தது. இதயத்துக்குக் கீழே ஒரு வளைவு பச்சை பிடித்திருந்தது. அடுத்த பெயரின் முதல் கோடு. அருள் பிரகாஷ் அதில் நர்மதாவை முழுசாகப் படித்துவிட்டார். பாய் விரித்தாகிவிட்டது. வருகிறவர்கள் படிப்பதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. சொன்னார். மரம், காம்பஸ், நர்மதா, எல்லாம்.

ஏஞ்சல் மேரி தொட்டியிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணுனீங்க."

"ஆமா."

"வூட்டுல பண்ணுனா நம்ப மாட்டன்னு ஏலாக்குறிச்சிக்கே பஸ்ல கூட்டிட்டுப் போயி பண்ணுனீங்க."

"ஆமா."

"கோவிச்சுட்டுப் போறதுக்கு எனக்கு அம்மா வூடும் இல்ல. அம்மாவே இங்கதான் இருக்கு. அதனால நீங்க போங்க."

பரண்மேல் இருந்த பையை இறக்கி, அவருடைய நாலு சட்டைகளைத் திணித்துப் பாயின் நடுவில் வைத்தாள். தெருமுனையில் பெண்களின் பேச்சுக் குரல் கேட்டது.

செபஸ்தியம்மாள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை நூல். நெருக்க நெருக்கமாக, இறுக்கமான முடிச்சுகள். அருள் பிரகாஷ் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மணலில் கிடந்த பாசியைப் பார்த்தார்.

செபஸ்தியம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எழுந்து, புருஷனின் படத்தைப் பதற்றமில்லாமல் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அவசரப்பட்டுட்டீங்களே மாப்ள, அந்த அருளு நீங்க இல்ல, கீழ வந்துக்கிட்டிருக்கறது எம்பேரு."