என் காதலுக்குக் கமிட்டி போட்ட கதை

தனியாக ஒரு முடிவும் எடுக்கத் தெரியாத ஆளுக்கு இந்த உலகத்தில் நல்ல அடைக்கலம் ஆபீஸ்தான். எதைக் கேட்டாலும் "எல்லாரையும் கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்று தள்ளிவிடலாம். பொறுப்பானவன் என்ற பெயர் வேறு கிடைக்கும். அப்படிப் பெயர் வாங்கிய பெரிய மனுஷன்தான் நான்.

அப்போது வலங்கைமான் பக்கம் ஓர் அரிசி ஆலையில் எனக்கு வேலை. அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டு, சரியான பதத்தில் அரைக்க வேண்டும். பதம் தப்பினால் அரிசி உடைந்து குருணையாகிவிடும். அதனால் மேனேஜர் காதர் பாய் ஒரு சட்டம் வைத்திருந்தார். களத்து நெல்லை நாலு பேர் கடித்துப் பார்க்க வேண்டும். நாலு பேரும் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். "ஒருத்தன் பல்லை நம்பக் கூடாது அந்தோணி" என்பார். (அவருக்கே பாதிப் பல் கட்டுன பல்லு!) நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். என்னை மட்டும் நம்பியிருந்தால் ஊருக்கே குருணைக் கஞ்சிதான்.

ஆனால் அந்தப் பழக்கம் களத்தோடு நிற்கவில்லை. டீக்கு வடையா போண்டாவா என்பதில் தொடங்கி, என் கிறிஸ்துமஸ் சட்டையின் நிறம் வரைக்கும் கூட்டம் போட்டே முடிவு செய்தேன்.

கணக்கு எழுத ஜெசிந்தா என்ற பெண் இருந்தாள். அவளைப் பார்த்தாலே எனக்குக் கூட்டல் கழித்தல் மறந்துவிடும். அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து, சனிக்கிழமையோடு போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? கூட்டம் போட்டேன்.

"நேராப் போய்ச் சொல்லிடுப்பா" என்றார் லோடு ஏற்றிவிடும் சுந்தரம் அண்ணன்.

"இவன் நேராப் போனா நாக்கு ஒட்டிக்கும். நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்" என்றார் பில் போடும் விமலா அக்கா.

"பெரியவங்க ஒருத்தர் சொன்னாத்தான் மதிப்பு" என்றார் காதர் பாய்.

யார் மனசும் கோணக் கூடாது என்று மூன்றையும் ஏற்றுக்கொண்டோம். (கமிட்டின்னா பின்னே எப்படி!) கூடவே லட்டு வேண்டும் என்றார் சுந்தரம் அண்ணன். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் அவள் மேஜை முன்னால் போய் வரிசையாக நின்றோம்.

"ஜெசிந்தா, தம்பி உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் அக்கா. தம்பி லட்டுப் பொட்டலத்தோடு காதர் பாயைத் திரும்பிப் பார்த்தான்.

காதர் பாய் தொண்டையைச் செருமினார். "தங்கமான பையன்மா. நாங்க கலந்து பேசிட்டோம். எங்களுக்கு முழுச் சம்மதம்."

"எதுக்குச் சம்மதம்?" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

"அதாங்க... உங்களை எனக்கு... எல்லாருமா முடிவு பண்ணிருக்கோம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன நெல்லா சார், நாலு பேர் கடிச்சுப் பாத்துச் சொல்ல? நீங்களா ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு எத்தனை நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

குரல் உடைந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். மூன்று பேரும் அவள் பின்னாலேயே கிளம்பினார்கள். "யாரும் வராதீங்க!" என்று கத்தினேன். அந்த ஆலையில் நான் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

உச்சி வெயிலில் ஓடினேன். கும்பகோணம் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"ஜெசிந்தா! இது நான் மட்டும் சொல்றதுங்க. யாரையும் கேக்கலை. நீங்க போயிட்டா என்னால தாங்க முடியாது."

"ஏம்மா, ஏறுறியா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

அவள் என் கையைப் பார்த்தாள். "அது என்ன?"

"லட்டு."

"அது யாரு முடிவு?"

"சுந்தரம் அண்ணன்."

சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

இன்றைக்கும் ஜவுளிக் கடையிலோ ஓட்டலிலோ நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால், என் மகள் காதருகில் வந்து, "அப்பா, பஸ் வந்துடுச்சு!" என்பாள். உடனே என் வாயிலிருந்து ஒரு முடிவு வந்து விழும். பெரும்பாலும் தப்பான முடிவுதான். ஜெசிந்தா அதை வீட்டுக்குப் போவதற்குள் மாற்றிவிடுவாள்.