மீன்பெட்டிக்குள் சீதன வீடு

திருகோணமலைக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் எல்லாரும் ஆடி ஆவணியில் வந்து, உப்புவெளிக் கடலில் குளித்து, தோல் உரிந்து திரும்பிப் போனவர்கள். அவர்கள் மார்கழியில் ஒருமுறை வரவேண்டும். வாடைக்காற்று கடலைத் தாண்டி நேரே எங்கள் வீட்டுக்குள்தான் வரும். கதவைத் தட்டுகிற பழக்கம் அதற்குக் கிடையாது. நாங்கள் வீடு கட்டுவதே வெயிலுக்குப் பயந்துதான். ஆளுயர யன்னல், அதற்கு மேலே காற்று வரப் பூக்கல், அதற்கும் மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பூனை தாராளமாகப் போய்வரக்கூடிய இடைவெளி. வெயில் காலத்தில் சொர்க்கம். மார்கழியில், நடு ஹோலில் இருந்துகொண்டே கடலில் நிற்கிற சுகம். எங்கள் வீட்டில் குளிர் உடுப்பு என்று இருந்தது காதையும் கழுத்தையும் மூடுகிற அப்பாவின் மங்கித் தொப்பி ஒன்றுதான் (அதையும் அவர் வாசிகசாலைக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போய்விடுவார்).

இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொண்டுதான் நான் கல்யாணம் கட்ட ஆசைப்பட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை பகுதியினர் பெண்ணைப் பார்க்க வரும்போது, பெண்ணை ஒரு கண்ணாலும் வீட்டை மற்றக் கண்ணாலும் பார்ப்பார்கள். பெண்ணைப் பார்க்கிற கண் சில வேளை கொஞ்சம் அசட்டையாக இருக்கும். வீட்டைப் பார்க்கிற கண் இமைக்காது.

சுதனும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பி இரண்டு வருடமாகியிருந்தது. அவர் தம்பலகாமத்துக்காரர். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம், உழவு இயந்திரம் பழுதானால் தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் போல ஒரு தேகம். அவருடைய அம்மாவுக்கு என் சாதகத்தில் குறையில்லை, உத்தியோகத்தில் குறையில்லை, நிறத்தில்கூட ஒருமாதிரிச் சமாதானமாகிவிட்டார். ஆனால் வீடு துறைமுகப் பக்கம் என்று கேள்விப்பட்டதும் ஆள் நின்றுவிட்டார். மகனுக்குச் சின்ன வயதில் மூச்சிழுக்கிற தொய்வு இருந்ததாம், வாடைக்காற்று ஒத்துக்கொள்ளாதாம். அங்கேயே வயலுக்கு நடுவில், தடித்த சுவரோடு, காற்றே நுழையாத ஒரு வீட்டுக்காரியின் சம்பந்தமும் கையில் இருக்கிறதாம். கடைசியில் சுதன் கெஞ்சி மன்றாடி ஒரு தவணை வாங்கினார். மாமி சொல்லியனுப்பினார்: "மார்கழியில வந்து ஒரு நாள் இருந்து பார்க்கிறன். குளிர் தாங்கேலும் எண்டாத்தான் மிச்சக் கதை."

கூரை ஒழுகுமோ என்று பார்க்க மழைக்குள் வருகிறவரை என்ன சொல்லி ஏமாற்றுவது? யன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டு, கூரைக்குக் கீழே பலகை அடித்தால் வேலை முடியும். அதற்கு என் சம்பளமும் அப்பாவின் ஓய்வூதியமும் சேர்ந்தும் போதாது. ஆனால் நான் விஞ்ஞான ரீச்சர் அல்லவா? அந்தக் கிழமைதான் பிள்ளைகளுக்கு வெப்பம் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்று பாடம் எடுத்திருந்தேன். பாடம் எடுத்துவிட்டு மீன் வாங்கப் போன இடத்தில், மீன்வாடிக் கொட்டிலுக்கு வெளியே உடைந்த வெள்ளை ஃபோம் பெட்டிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. கொழும்புக்கு மீன் ஏற்றுகிற பெட்டிகள். ஐஸ் உருகாமல் காக்கிற பெட்டி, சூடு ஆறாமலும் காக்கும். இந்த உண்மை என் மண்டையில் உதித்தபோது நான் மீனையே மறந்துவிட்டேன் (அன்றைக்கு வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு).

வாடிக்கார நானாவிடம் கேட்டேன். தாராளமாக எடுங்க, இடம் காலியானால் எனக்கும் புண்ணியம் என்று சொல்லி, ஒரு முச்சக்கர வண்டி நிறைய ஏற்றியும் அனுப்பினார்.

பெட்டிகளைச் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினேன். தேசிக்காய்ப் புளி விட்டு உரஞ்சினேன். மணந்து பார்த்தேன், ஒன்றும் மணக்கவில்லை. பாண் வெட்டுகிற கத்தியால் அளவு பார்த்து அறுத்து, யன்னலுக்கு, பூக்கல்லுக்கு, கூரை இடைவெளிக்கு என்று ஒவ்வொன்றாகச் செருகினேன். முன்னால் புதுத் திரைச்சீலை. குசினிக் கதவை மட்டும் காற்றோட்டத்துக்குத் திறந்து வைத்தேன் (மூச்சு முட்டிச் செத்தால் கல்யாணம் நடக்காது என்ற அளவுக்கு விஞ்ஞானம் தெரிந்திருந்தது). அப்பா கதிரையில் இருந்தபடி நான்கு பக்கமும் பார்த்தார்.

"பிள்ளை, இப்ப நாங்கள்தானே மீன்?" என்றார்.

குளிர் வருவதை அடைத்தாகிவிட்டது. சூட்டுக்கு எங்கே போவது? அடைத்த வீட்டுக்குள் நெருப்பு வைக்க ஏலாது. சுடுதண்ணீர்ப் பை விற்கிற விலைக்கு வாங்கவும் ஏலாது. போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றிக் குஷன்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் என்ன என்று யோசித்தேன். உருண்டைப் போத்தல் முதுகில் குத்தும். தட்டையான போத்தல் வேண்டும். தட்டையான போத்தலில் விற்கிற சாமான் இந்த ஊரில் ஒன்றுதான் உண்டு, அது சாராயம். எங்கள் பின்வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். நான் பொறுக்கியெடுத்தபோது, ஊரில் முதன்முதலாகத் தன்னைப் பாராட்ட ஒரு ஆள் கிடைத்ததுபோல அவர் வேலிக்கு மேலால் சிரித்தார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கோயில் சபைத் தலைவர். வாழ்நாளில் கள்ளுக்கூடக் குடியாதவர். அதையும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஏற்கனவே பெருமையாகச் சொல்லியிருந்தோம். போத்தல்களில் ஒட்டியிருந்த பேப்பரை ஊறவைத்து உரித்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஊறவைத்தார். உரித்தார். வடை சுடுகிற அவசரத்தில் பாதியை உரித்தார்.

அந்த நாள் வந்தது. விடிய எழும்பிச் சிரட்டை போட்டு அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆளுக்கொரு பக்கமாக ஊற்றி ஒளித்தோம். வெளியே வாடையும் மழையும் போட்டியாக அடித்தன. மாமி வந்து இறங்கியபோது கம்பளிச் சட்டை, அதற்கு மேலே சால்வை, அதற்கு மேலே ஒரு துவாய், இரண்டு முழங்காலிலும் கம்பளிப் பட்டி. சுதன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு, பரீட்சை மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த தகப்பனைப் போல நின்றார்.

ஹோலுக்குள் வந்த மாமி ஒரு கணம் நின்றார். துவாயை எடுத்தார். கொஞ்சம் செல்ல, சால்வையை எடுத்தார். தேத்தண்ணி வருவதற்குள் கம்பளிச் சட்டைப் பொத்தானில் கை போனது. நான் சுதனைப் பார்த்தேன், சுதன் என்னைப் பார்த்தார். அந்தப் பொத்தான் கழன்றபோது எனக்கு வந்த சந்தோஷம், பிறகு தாலி கட்டும்போதுகூட வரவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வீடு சூடாகச் சூடாக, தேசிக்காய்க்கும் சவர்க்காரத்துக்கும் அடியில் படுத்திருந்த மீனெல்லாம் எழும்பிவிட்டன. முதலில் சூடை மீன் மாதிரி ஒரு சின்ன வாசம். பிறகு பாரை. பிறகு மொத்த வாடியும் உள்ளே வந்து கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டது. மாமி வடையைக் கையில் எடுத்து, ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, தட்டிலேயே வைத்தார். இன்றைக்கு விரதம் ஆச்சே என்று முணுமுணுத்தார். அம்மா சாம்பிராணி கொண்டுவர ஓடினார். சாம்பிராணியும் மீனும் சேர்ந்தால் என்ன மணம் வரும் என்று யாரும் தயவுசெய்து பரிசோதிக்க வேண்டாம்.

மாமி அசௌகரியத்தில் செற்றிக் குஷனில் கொஞ்சம் நெளிந்து சாய்ந்தார். முதுகில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். கையைப் பின்னால் விட்டு இழுத்தார். வந்தது, பாதிப் பேப்பரோடு ஒரு தட்டைப் போத்தல். அதைத் திருப்பிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு நிதானமாக அப்பாவைப் பார்த்தார்.

"ஐயா சூடாக்கித்தான் குடிக்கிறவரோ?"

நான் ஏதோ விஞ்ஞானம் விளக்க வாயெடுத்தேன், அதற்குள் அம்மா பாய்ந்து வந்து, இது வெறும் தண்ணி, வெறும் தண்ணி என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, நிரூபிப்பதற்காக மூன்று மிடறு மளமளவென்று குடித்தும் காட்டினார். குடும்பத்தில் குடிக்கிற ஆள் யார் என்ற மாமியின் சந்தேகம் அந்தக் கணத்தில் தீர்ந்திருக்க வேண்டும். சுதன் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டார். வயலுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தடித்த சுவர் வீடு என் கண்முன்னே வந்து போனது.

அப்போதுதான் கூரையில் முதல் மியாவ் கேட்டது.

வாடிப் பூனைகளுக்கு மழை நாளில் தொழில் இல்லை. காற்றோடு வந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் எங்கள் ஓட்டுக்கு வந்திருந்தன. மேலே பிறாண்டுகிற சத்தம். மாமி அண்ணாந்து பார்த்தார், எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கூரை இடைவெளியில் நான் செருகியிருந்த பெரிய துண்டு மெல்ல அசைந்தது, பிறகு பிளந்தது, பிறகு முழுதாகப் பிடுங்குப்பட்டு உள்ளே விழுந்தது. அதன் பின்னால் வாடைக்காற்று. நான் அறுக்கும்போது உதிர்ந்து சுவர் விளிம்பில் சேர்ந்து கிடந்த வெள்ளைக் குறுணியெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி, ஹோல் முழுக்கச் சுழன்று, எங்கள் எல்லாருடைய தலையிலும் இறங்கியது. வெளிநாட்டுப் படங்களில் மட்டும் பார்த்திருந்த பனி கோணமலையில் முதன்முதலாகப் பெய்தது அன்றைக்குத்தான். அப்பாவின் புருவத்தில் பனி. வடைத் தட்டில் பனி. மாமியின் கொண்டை முழுக்கப் பனி.

பனிக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கடுவன் பூனை விழுந்தது. ஈரமாக, மெலிந்து, ஒரு காது கிழிந்து. எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. வீட்டில் எது சூடான இடம் என்று அதற்கு எந்த விஞ்ஞானமும் படிக்காமலே தெரிந்திருந்தது. நேரே போய் மாமியின் மடியில் ஏறி, இரண்டு முழங்காலிலும் படுகிறமாதிரி நீட்டிப் படுத்து, உர்ர் என்று தொடங்கிவிட்டது.

மாமி பூனையைத் தள்ளப்போகிறார் என்று கை நீட்டினேன். அவர் என் கையை விலக்கினார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கொண்டையில் இருந்து குறுணி பொலபொலவென்று உதிர உதிர அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடிய, பூனையைத் தடவிக்கொண்டு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"அவனுக்குத் தொய்வு மாறி இருபது வருசம், பிள்ளை. குளிர் எனக்குத்தான் ஏலாது. முழங்கால் ரண்டும் கொன்றுபோடும். பெடியனை உங்கட வீட்டுக்கு அனுப்பிப்போட்டு, நான் வந்து இருக்கேலாமப் போனா அவனை என்னெண்டு பார்க்கிறது? அதுதான் பயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி வருவதற்காகத்தான் இத்தனையும் செய்தேன் என்று சொன்னேன். அது தெரியுது, மீன் மணக்குது என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, தை பிறந்ததும் நாள் பார்க்கச் சொன்னார்.

"வீடு இருக்கட்டும். இந்தப் பூனையையும் சீதனத்தில சேருங்கோ."

கல்யாணம் தையில் நடந்தது. சீதனம் என்ன என்று கேட்ட தம்பலகாமத்துச் சனத்துக்கெல்லாம் மாமி, ஒரு வீடும் ஒரு கடுவனும் என்று முகத்தைச் சுழிக்காமல் சொன்னாராம். யன்னல்களுக்குக் கண்ணாடி பிறகு மெல்ல மெல்லப் போட்டோம். கூரை இடைவெளியை மட்டும் மாமி அடைக்க விடவில்லை, அது சீதனம் வந்த வழியாம்.

இப்போதும் மார்கழி பிறந்தால் மாமி பஸ்ஸில் வந்து இறங்குவார். மகனைக் கேட்பதில்லை, என்னைக் கேட்பதில்லை. அதே செற்றியில் இருந்து மடியைத் தட்டி, "எங்க என்ர சீதனம்?" என்பார். கிழடு தட்டிப்போன கடுவன் எங்கிருந்தாலும் வந்து ஏறும். நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனால், அப்பா மங்கித் தொப்பிக்குள் இருந்து குரல் கொடுப்பார்: "பிள்ளை, சம்பந்தியம்மாவுக்குக் கோப்பையில குடு. போத்தலைக் கொம்மாவுக்கு வை."