குலுங்காத கோச்சி

புது ரயிலின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று நடந்த கூத்துக்கு முழுக் காரணம் என் மண்டைக்கனம்தான். அதை எங்கள் குடும்பத்தில் யாரும் என்னை மறக்க விட்டதில்லை.

இலங்கை மலைநாட்டில், பதுளைப் பாதையின் பழைய சிவப்பு ரயிலில் (எங்கள் பக்கத்தில் கோச்சி என்போம்) வளர்ந்தவன் நான். அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வந்தேன். மழை பெய்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும். ஜன்னலை ஏற்றினால் இறங்காது, இறக்கினால் ஏறாது. ஆனாலும் அதற்கு ஒரு மரியாதை தெரியும். கிளம்புமுன் இரண்டு தரம் குலுங்கும். முதல் குலுக்கலில் பேச்சை முடிக்க வேண்டும், இரண்டாவதில் இறங்கிவிட வேண்டும். வழியனுப்ப வந்த சனமெல்லாம் உள்ளே ஏறி உட்கார்ந்து, பயணம் போகிறவரின் வடையில் பாதியைத் தின்றுவிட்டு, சாவகாசமாக இறங்கும். எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

அந்தப் பாதையில் புது ரயில் ஓடத் தொடங்கிய சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். மேகலா, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் டீச்சர். அவளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவுக்கோ என் மேல் அரை மனசுதான். எங்கள் வீட்டை வந்து பார்த்து, பிடித்தால் பகல் பன்னிரண்டுக்குள் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கமில்லை. ஆனால் புதுக் கோச்சியில் ஏறும் ஆசையில் அவளும் வந்தாள், அவளோடு வரிசை வீட்டுச் சனம், பாதி லயமே வந்தது.

வேட்டி சட்டையில் அப்புத்தளை ஸ்டேஷனில் நின்று வரவேற்றேன். எல்லோரும் இறங்கிய பிறகு மேகலாவின் அத்தை தலையில் கை வைத்தார். "ஐயோ, தாம்பூலத் தட்டு மேலயே இருக்கு!"

"இருங்க அத்தை, நான் எடுத்தாறேன்." (மாப்பிள்ளை சுறுசுறுப்பு என்று மேகலாவின் அப்பா, என் வருங்கால மாமா, நினைக்க வேண்டாமா?)

ஏசிப் பெட்டி. தட்டை எடுத்தேன். அப்படியே புது மெத்தையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தும் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே அத்தை கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். "பயப்படாதீங்க, இன்னும் குலுங்கல!" என்று நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். அத்தை மெல்லப் பின்னால் போனார். எதற்காக இவர் பின்னால் போகிறார் என்று யோசித்தேன். அடுத்து மாமாவும் பின்னால் போனார். மேகலாவும் போனாள். ஸ்டேஷனே போனது.

போன் என் தம்பியிடம், போட்டோ எடுப்பதற்காக. அடுத்த நிறுத்தம் ஓஹியா. வெள்ளி மாதிரி மின்னும் தட்டோடு, வெள்ளை வேட்டியில், ஏசிப் பெட்டியின் நடுவில் நான் விழித்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி "தேங்க்யூ" என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார். அவர் பின்னாலிருந்தவர் லட்டு எடுத்தார். பண்டாரவளையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், "புது கோச்சில சாப்பாடெல்லாம் கொடுக்கிறாங்களா தம்பி? நல்லா இருக்கே!" என்று தன் பங்குக்கு ஆப்பிளை எடுத்தார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஓஹியாவில் இறங்கி, திரும்பி வர எனக்குக் கிடைத்தது அதே பழைய சிவப்புக் கோச்சி. கிளம்புமுன் இரண்டு தரம் நன்றாகக் குலுங்கியது. கதவோரம் நின்றேன். மூடுபனி முகத்தில் அடித்தது. கல்யாணம் கைவிட்டுப் போன துக்கத்திலும், இந்தச் சனியனை இன்னும் கொஞ்ச நாளில் நிறுத்திவிடுவார்களே என்று கதவுக் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அப்புத்தளையில் பெண் வீட்டார் ஊருக்குத் திரும்ப அதே வண்டிக்காகத்தான் காத்து நின்றார்கள். பன்னிரண்டு மணி எப்போதோ போயிருந்தது. தட்டில் மிச்சம் தேங்காயும் வெற்றிலை பாக்கும்தான்.

"பொண்ணு வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் மாமா. "தட்டோட ஏன் ஓடுனீங்க?"

"ஓடல மாமா... அது குலுங்கல."

மேகலா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓடுறவரு தட்டைத் திருப்பிக் கொண்டு வருவாராப்பா? எனக்குச் சம்மதம். வாங்க, வீட்டப் பாத்துட்டுப் போவோம்."

சிவப்புக் கோச்சி அவர்களை ஏற்றாமல் இரண்டு தரம் குலுங்கிப் புறப்பட்டது. நல்ல நேரம் பார்க்காமல் அன்று மாலையே வெற்றிலை மாற்றினோம்.

இப்போது எங்கள் பாதையில் அந்தச் சிவப்புப் பெட்டிகளைக் காண முடிவதில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் என் கையில் யாரும் தட்டைக் கொடுப்பதுமில்லை. ஆனால் யாரையாவது வழியனுப்ப நான் ரயிலில் ஏறினால், மேகலாவும் பின்னாலேயே ஏறிவிடுவாள். நேரமானதும் என் தோளைப் பிடித்து இரண்டு தரம் குலுக்குவாள். நான் பேச்சை முடித்துக்கொண்டு மரியாதையாக இறங்கிவிடுவேன்.